பழசா, புதுசா

ஊசி இறங்கிவிட்டது. இசைத்தட்டைத் தொடும்போது அது போடுகிற 'டும்' என்ற சின்ன அடி எனக்குக் கேட்டது, ஏனென்றால் அது கீழ்ச்சத்தம், கீழ்ச்சத்தங்கள் இன்னும் என்னோடு பேச்சுவார்த்தையில் இருக்கின்றன. பாக்கியநாதன் வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவே பிரம்பு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல. கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு அந்த மரியாதை ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபிறகுதான் வாய்த்தது. டர்ன்டேபிள் படுக்கையறைக்குள் போய்விட்டது. வாசலில் பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் கனி பாயும் பாக்கியத்தின் மனைவி ஜெசிந்தாவும். ஜெசிந்தா காசைச் சுண்டுவாள், தலை விழுந்தால் பழைய தட்டு, பூ விழுந்தால் கனி பாய் கொண்டுவந்த புதியது, அவரே எடுத்து வைப்பார். ஒரே பாட்டு, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கேட்டு முடித்து நான் பழசா புதுசா என்று சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு கனி பாய் விடையைச் சொல்வார். பொன்மலையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த மற்ற ஆண்கள் எல்லாரும் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு லுங்கிக்கு மாறிப் பேப்பர் படிக்கிற நேரத்தில், அறுபதைத் தாண்டிய மூன்று கிழவர்கள் இந்தக் கூத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம். சிரிப்பு வரவேண்டிய காரியம். எனக்கு வரவில்லை. பாக்கியம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைக் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்க்காதே என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான், மூடிக்கொண்டு இன்னும் மோசமாகக் கவனிப்பான், அவனை எனக்குத் தெரியும், கல்லூரியில் ஒரே பெஞ்ச்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது. மெர்சர் லேன் என்று ஓர் ஆங்கிலேயக் குழு, 'வின்டர் ஃபெர்ரி' என்று அவர்களுடைய இரண்டாவது ஆல்பம், வெளிவந்து ஐம்பது வருஷம் ஆகிறதாம், அதைக் கொண்டாட ஒரு பெட்டி போட்டிருக்கிறார்கள். பெட்டி என்றால் பெட்டி, சீர்வரிசைத் தட்டு அகலத்துக்கு. நான்கு இசைத்தட்டு, புகைப்படப் புத்தகம், அந்தக் காலத்துக் கச்சேரி டிக்கெட்டின் நகல், சுவரில் ஒட்டப் படம், எல்லாம் வைத்து, பழைய டேப்பை எடுத்துக் கழுவித் துடைத்துப் புதிதாகக் கலந்து, ஒரு தடவை கல்யாணமானவனுக்கு அறுபதாம் கல்யாணம் செய்துவைப்பதுபோல. எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது ஒரு சீக்கு. வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஆல்பத்துக்கு நாற்பது ஆகும், ஐம்பது ஆகும். பழையதை வைத்திருப்பவன் புதியதை வாங்கலாமா, புதியது நன்றாக இருந்தால் பழையதை என்ன செய்வது, நன்றாக இல்லாவிட்டால் எந்த இடத்தில் நன்றாக இல்லை, இதைப் பேசியே நாங்கள் மூவரும் கிழடாகிவிட்டோம். பாக்கியத்திடம் இருப்பது இங்கிலாந்தில் அடித்த முதல் பிரஸ்ஸிங், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ-இந்திய டிரைவர் வீட்டிலிருந்து வந்தது. கைக்குழந்தையைப் போல வைத்திருக்கிறான். பழைய தட்டு என்றால் கீறலில் ஊசி படுகிற பொட்டுச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடாதா என்று யாராவது கேட்கலாம். அவன் தட்டில் பொட்டு கிடையாது. இருந்தாலும் எனக்குப் பயன் இல்லை, அந்தப் பொட்டுகள் எல்லாம் மேல்சத்தத்தில்தான் குடியிருக்கின்றன, சிம்பலுக்குப் பக்கத்து வீட்டில். சிம்பல். அந்தக் கேடுகெட்ட சிம்பல். இந்தப் பாட்டில் பாதிக்குமேல் டிரம்மர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பித்தளைத் தட்டை மட்டும் குச்சி நுனியால் தொட்டுக்கொண்டே போவான், மழை விட்டபிறகு ஓட்டு நுனி சொட்டுகிறமாதிரி, பாடகன் அதற்குமேல் ஒன்றுமே பாடமாட்டான். பழைய தட்டில் அது தெறிக்கும். புதியதில் அது இல்லை. போன மாதம் அப்படித்தான் சொன்னேன். கனி பாய் வீட்டில் அவர் வாங்கிவந்த புதுப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக் கேட்டுவிட்டு, சுப்ரீம் கோர்ட் நீதிபதி மாதிரி நாற்காலியில் சாய்ந்து, சிம்பலைக் கொன்னுட்டானுங்க, இது சவம், என்றேன். அங்கேயே வாட்ஸப்பில் பாக்கியத்துக்கும் பேசி அனுப்பினேன். ஏமாத்து வேலை, வாங்கிறாதே, கையில இருந்தா திருப்பி அனுப்பு.

அவன் கையில் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன், அதுதான் என் லட்சணம். அவன் மகள் ஷெரில் டப்ளினில் நர்ஸ், அவள் அங்கே இரவு டியூட்டி முடிந்து நேராகக் கடைக்குப் போய், அப்பாவுக்குப் பிடித்த குழு என்று அந்தப் பெட்டியை வாங்கிப் பிறந்தநாளுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். அது வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் என் தீர்ப்பும் போய்ச் சேர்ந்தது. இந்த முட்டாள் மேல்தாளைக்கூடக் கிழிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டான். அதோடு விட்டானா, போனில் அவளுக்குப் பாடம் வேறு நடத்தியிருக்கிறான், உனக்கு என்ன தெரியும், ராயன் அங்கிளைக் கேட்டுட்டு வாங்கியிருக்கணும், அவர் காதுக்கு முன்னால இந்தக் கம்பெனிக்காரன் வேலையெல்லாம் எடுபடாது. ஷெரில் சொன்னாளாம், அப்பா, பாட்டு கேக்கத்தானே அனுப்பினேன், பரீட்சை வைக்கவா அனுப்பினேன். அதற்குப்பிறகு அவனிடம் பேசவில்லை. அவன் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள். ஷெரிலுக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் பட்டதும் அவள் போட்ட கத்தலில் சாமியாரே ஒரு அடி பின்னால் போனார், கையில் வைத்திருந்த எனக்குக் காது அடைத்துப்போனது. அப்போது எனக்கு என்னவெல்லாம் கேட்டது. நடையில் பாவாடை உரசுவது, பக்கத்துத் தெருவில் சைக்கிள் செயின் காய்ந்து கிரீச்சிடுவது. பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் சிம்பல். பார்க்கிறேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, கேட்க வேண்டும்.

எலியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கனி பாய் வீட்டிலிருந்து அன்றைக்குத் திரும்பிப்போய், வாய்க்கசப்புப் போக இனிப்பு போட்டுக்கொள்கிறவனைப்போல என் சொந்தப் பழைய தட்டைப் போட்டுக் கேட்டேன். என்னிடம் இருப்பது இந்தியாவிலேயே அடித்தது, பாக்கியத்தின் தட்டு அளவுக்கு உசத்தி இல்லை, ஆனால் சிம்பல் வந்தது. கணீரென்று வந்தது. பார்த்தாயா, காதில் கோளாறு இல்லை, பெட்டிக்காரன்தான் கோளாறு, என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரம் கழித்து ஒட்டடை அடிக்க ஸ்பீக்கரை நகர்த்தினால் பின்னால் எலிப்புழுக்கை, காய்ந்து பொடியாகி, பல மாதத்துப் பழையது. மேல்சத்தத்தைக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் வயர் இரண்டு பெட்டியிலும் கடித்து அறுந்து கிடந்தது. அறுந்த வயரில் சிம்பல் வராது. வரவே முடியாது. அப்படியென்றால் போன வாரம் கணீரென்று கேட்டது எது? அதற்கு முந்தைய மாதங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு ரசித்ததெல்லாம் எது? தட்டு சுற்றுகிறது, எனக்கு மனப்பாடமான இடம் வருகிறது, மனப்பாடம் எடுத்து ஊற்றிவிடுகிறது, நான் குடித்துவிட்டு ஆகா என்கிறேன். புதுப் பெட்டியில் பாட்டைக் கொஞ்சம் மாற்றிக் கலந்திருக்கிறான், கிதார் இடம் மாறியிருக்கிறது, மனப்பாடத்துக்கு அடையாளம் பிடிபடவில்லை, அதனால் ஊற்றவில்லை. அவ்வளவுதான் என் தீர்ப்பு. செத்தது அந்தத் தட்டில் இருக்கிற சிம்பல் இல்லை. தில்லைநகரில் ஒரு காது டாக்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். அங்கேயும் நான் நல்ல பிள்ளைபோல ஒழுங்கான இடைவெளியில் அமுக்கிக்கொண்டே இருந்தேன், கேட்காவிட்டாலும். அவர் சிரித்துக்கொண்டே, சார், இப்ப நான் எந்தச் சத்தமும் குடுக்கலையே, என்றார். வயசுக்கு ஏத்ததுதான், பேச்சு நல்லாக் கேக்கும், கவலைப்படாதீங்க, என்றும் சொன்னார். பேச்சைக் கேட்டு நான் என்ன செய்ய.

வந்துவிட்டது, அந்த இடம். கிதார் அடங்குகிறது. இப்போது. கேட்கிறது. கேட்கிறதா? பழசு என்று நினைத்துக்கொண்டேன், உடனே ஓட்டு நுனி சொட்ட ஆரம்பித்தது, சுத்தமாக, எண்ணிவிடலாம்போல. சரி, புதுசு என்று நினைத்துப் பார்ப்போம். நின்றுவிட்டது. திரும்பப் பழசு என்றேன், திரும்பச் சொட்டியது. குழாயைத் திருகி மூடித் திறக்கிறமாதிரி. என் வீட்டில் என்றால் எந்தத் தட்டைப் போட்டேன் என்று கை சொல்லிவிடும், கவர் சொல்லிவிடும். இங்கே திரைக்குப் பின்னால் இருப்பது எது என்று தெரியாததால் மனப்பாடம் கையில் குடத்தோடு நின்றுகொண்டு, ஊற்றவா வேண்டாமா, ஊற்றவா வேண்டாமா, என்று என்னையே கேட்கிறது. இது பயமாக இருக்கிறது. சத்தியமாகப் பயமாக இருக்கிறது. காது போவதுகூடப் பெரிதில்லை, கண்ணாடி போடுவதுபோல மிஷின் மாட்டிக்கொள்ளலாம். கேட்டதற்கும் நினைத்ததற்கும் நடுவில் இருந்த சுவர் எப்போது இடிந்தது என்றே தெரியவில்லையே. பாட்டு முடிந்தது. பாக்கியம் முன்னால் சாய்கிறான். "ம்?" என்கிறான். தெரியலை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை, அதைப் பார்த்ததும் என் வாய் தானாகவே, "பழசு" என்றது. "பழசு!" என்று பாக்கியம் திரைப்பக்கம் கத்தினான். விடை கடைசியில்தான். விதி அப்படி.

இதில் ஜெசிந்தாவிடம் வேறு வாக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, மூடியைத் திறந்து கிளறியபடி என்னைப் பார்க்காமல் பேசினாள். "அண்ணே, அவரு என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? நீங்க மூணும் கரெக்டா சொல்லிட்டா அவரு பண்ணதுதான் சரியாம். ஒண்ணு தப்பாப் போனாலும் இன்னிக்கே அவளுக்குப் போன் போட்டு மன்னிப்பு கேக்கிறாராம். கனி பாய் சாட்சி." தெரியும்மா, என்றேன். "தப்பா சொல்லிடுங்கண்ணே. ஒண்ணே ஒண்ணு. உங்க காதுக்கு எது என்னன்னு உடனே தெரிஞ்சிரும், மாத்திச் சொல்லிட்டா போதும். அவருக்குச் சந்தேகம் வராத மாதிரி. அந்தப் புள்ள ஒவ்வொரு வாட்டியும் போனை வைக்கும்போது அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டுட்டுத்தான் வைக்கிறா." கரண்டியை வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு அண்ணன், என் அம்மா அடக்கத்துக்கு என்னோடு கல்லறை வரைக்கும் வந்தவள். சரிம்மா, என்றேன். மனசார அப்படித்தான் சொன்னேன். அப்போது ரொம்பச் சுலபமாகத் தோன்றியது. ஒருத்தன் வேண்டுமென்றே தோற்பதற்கு என்ன திறமை வேண்டும்? இங்கே வந்து உட்கார்ந்தபிறகுதான் உறைக்கிறது, மாற்றிச் சொல்வதென்றால் எது எதுவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பொய் சொல்லக்கூட உண்மை கையில் இருக்க வேண்டும். ஜெசிந்தா, ஒரு சைகை காட்டு, பழசு என்றால் இருமு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பாள். உங்க காதுக்கா சைகை என்பாள். அந்த அடுப்படியில், கறி வாசனைக்கு நடுவில், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மானம் தடுத்தது. காது கேட்கவில்லை. எத்தனை சின்ன வாக்கியம். ஓய்வு பெற்றபிறகு என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பென்ஷன்காரன், ஒண்டிக்கட்டை, காலையில் நடை, மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு. ராயன் காது என்பது ஒன்றுதான் ஊரில் எனக்கு மிச்சமிருக்கிற உத்தியோகம்.

இரண்டாவது தடவை. டும். என் அப்பாவுக்கு இந்த டும்கூடக் கேட்காது. ரயில்வே பட்டறையில் பாய்லர் பிரிவு, ஐம்பது வயதுக்குள் காது முழுக்கப் போய்விட்டது. நாங்கள் சாப்பிடும்போது அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவோம். கிழவருக்கு இன்னொரு கரண்டி போடு, இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். அவர் எங்கள் வாயைப் பார்த்துச் சிரிப்பார், நாங்கள் ஏதோ நல்ல விஷயம் பேசுகிறோம் என்று. அம்மா அவரிடம் பேசவேண்டியதையெல்லாம் மெல்ல மெல்ல நிறுத்திவிட்டாள், கத்தினால் தொண்டை வலிக்கிறது என்று. கடைசியில் அவரோடு பேசுகிற ஒரே பழக்கம், கையைத் தட்டிச் சாப்பிட வா என்று காட்டுவது. நாயைக் கூப்பிடுவதுபோல. அது எனக்கு வரப்போகிறது, கையைத் தட்டக்கூட ஆள் இல்லாத வீட்டில். சீ, என்ன புத்தி, பாட்டைக் கவனி. இந்தத் தடவை குறுக்குவழியில் போகிறேன், சிம்பலை விட்டுவிட்டுக் கீழே வருகிறேன், பேஸ் கிதார். புதிதில் பேஸ் கொஞ்சம் தடித்திருக்கும் என்று எங்கேயோ படித்தேன். தடித்திருக்கிறதா? முதல் தடவையைவிடத் தடித்திருக்கிறதுபோல. முதல் தடவை எப்படி இருந்தது? அப்போது எலியை நினைத்துக்கொண்டிருந்தேன். கிதார் இடப்பக்கமா வலப்பக்கமா, புதிதில் இடம் மாறியிருக்க வேண்டும், இங்கே நடுவில் நிற்கிறமாதிரி இருக்கிறது, பிரம்பு நாற்காலியை யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள், இல்லை, என் வலது காது இடதைவிட மோசம், எல்லாமே எனக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சரி, கணக்காக யோசிப்போம். மூன்றில் ஒன்று தப்பானால் போதும். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிகிறவன்கூட ஒன்றையாவது தவறவிடுவான். நான் கவலைப்படவேண்டியதே இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னால் போதும், ஜெசிந்தா ஜெயித்துவிடுவாள், ஷெரில் ஜெயித்துவிடுவாள், என் காது அடிவாங்கும், வாங்கட்டும், வயசாச்சு என்று பாக்கியம் ஒரு நாள் சிரிப்பான், கனி பாய் நாலு நாள் கிண்டல் செய்வார், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. இந்த எண்ணம் வந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. எனக்குத் தோன்றுகிறது பழசு என்று. சிம்பல் சொட்டுகிறது. அப்படியென்றால் வேண்டுமென்றே மாற்றி, "புதுசு" என்றேன். பாக்கியம் என் தோளைத் தொட்டு, "சிம்பல் இல்ல, அதானே?" என்று ரகசியமாகக் கேட்டான். தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான், அவனுக்கும் கேட்காததுபோல. அவனுக்கும் என் வயதுதானே, அவனுக்கு மட்டும் எப்படிக் கேட்கும். எனக்கு அது இதுவரை தோன்றவே இல்லை. இவன் இவ்வளவு நாளும் எதைக் கேட்டான்? என் முகத்தையா?

மூன்றாவது. திரைக்குப் பின்னால் காசு தரையில் விழுந்து உருண்டது, ஜெசிந்தா குனிந்து தேடுகிறாள், கட்டிலுக்கு அடியில் போயிருக்க வேண்டும், கனி பாய், "அல்லாவே, பார்த்தும்மா" என்கிறார். காசு விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கனி பாய் சொன்னதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், பாக்கியம் சிரித்ததை வைத்து. டும். இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்க்கிறேன். ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, தொண்டை அசைகிறது, சண்டை போடுகின்றன என்று தெரிகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை, ஊமைப்படம். ஷெரில் சின்னப் பிள்ளையில் இந்த ஸ்பீக்கருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிள், இதுல ஒரு அண்ணன் டம்ளர்ல ஸ்பூனால தட்டுறாரு, என்று இந்தச் சிம்பலைத்தான் காட்டினாள். அவள்தான் முதலில் கேட்டாள். நாங்கள் எல்லாரும் பாடகனையும் கிதாரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவள் சொன்னபிறகுதான் நான் அதைக் கவனிக்கவே தொடங்கினேன். பிற்பாடு அது என் கண்டுபிடிப்பாக ஊரில் உலவியது. பாக்கியத்துக்கு மறந்துவிட்டது, எனக்கே மறந்திருந்தது. அவளுக்கு மறக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் தேடிப்பிடித்து இந்த ஆல்பத்தை அனுப்பியிருக்கிறாள். கடவுளே. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை, முடிந்தால் சரி. தப்பாக ஒன்று, ஒன்றே ஒன்று, இரண்டு முடிந்துவிட்டது, அதில் ஏற்கனவே ஒன்று தப்பாகியிருக்கும், ஆகாவிட்டாலும் இது ஆகும். போன தடவை புதுசு என்று சொன்னேன், இப்போது பாக்கியம் பழசு என்று எதிர்பார்ப்பான், அப்படியே பழசு என்று சொன்னால் கள்ளம் தெரியாது. வேண்டாம். காசுக்கு ஞாபகம் கிடையாது. ஏதோ ஒன்று. ஊசி தூக்கினார்கள். "புதுசு" என்றேன்.

திரையை விலக்கிக்கொண்டு கனி பாய் வெளியே வந்தார். வெள்ளைத் தாடிக்குள் சிரிப்பு. கையைத் தூக்கினார், கட்சி மாநாட்டில் தலைவரை அறிமுகப்படுத்துகிறமாதிரி. "பழசு, புதுசு, புதுசு. ராயன், அதுக்குப் பேர்தான்யா காது!" பாக்கியம் எழுந்து என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். அவன் சட்டையில் கற்பூரதைல வாசனை. முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஒருவேளை உள்ளுக்குள் எங்கேயோ எனக்குக் கேட்கத்தான் செய்கிறதோ என்று நெஞ்சு துள்ளியது. அப்புறம் கனி பாய்க்குப் பின்னால் திரையைப் பிடித்தபடி நின்ற ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்தியா ஜெசி," என்றான் பாக்கியம். "நான் என்னமோ கிறுக்குப் புடிச்சு திருப்பி அனுப்பினேன்னு சொன்னீங்களே அம்மாவும் மகளும். மூணும் கரெக்டு. கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்றான். தப்பு அவமேல. அவளே போன் பண்ணட்டும். இனிமே நான் பண்ணப் போறதில்ல."

"பாக்கியம்," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்குக் காது போச்சுடா. மேல்சத்தம் ஒண்ணும் வரல. டாக்டர்ட்டப் போனேன். இப்ப சொன்னது மூணும் குருட்டாம்போக்குல சொன்னது. அந்தப் பெட்டியில ஒரு குறையும் இல்ல. புள்ள அனுப்பினது நல்ல சாமான்டா. நான் சொன்னதுதான் தப்பு."

சொல்லிவிட்டேன். சொல்ல முடியாது என்று பயந்ததைச் சொல்லிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை. கனி பாய் தாடியைத் தடவினார். பாக்கியத்தின் கண் கலங்குவதைக் கண்டு, அப்பாடா, என்று மூச்சு விட்டேன். அவன் என் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"ஜெசி சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டான். "காலைல கிச்சன்ல என்னமோ குசுகுசுன்னு பேசினீங்களே. எனக்குத் தெரியும்டா. எங்க வீட்டுச் சண்டையைத் தீக்கிறதுக்கு உன் காது மேலயே பழியைப் போட்டுக்கிறியே. உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான் ராயா. ஆனா பொய் சொல்லத் தெரியல உனக்கு. மூணையும் கரெக்டா சொல்லிட்டு வந்து காது கேக்கலைங்கிறியே, யாரு நம்புவா?"

"சத்தியமா சொல்றேன். எலி வயரைக் கடிச்சு..." என்று ஆரம்பித்தேன். எலி என்றதும் கனி பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாக்கியமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சரி சரி, எலி," என்றான், குழந்தையைச் சமாதானப்படுத்துகிறமாதிரி. "வா, பழசை முழுசாப் போடறேன். இன்னிக்கு உனக்காக." டர்ன்டேபிளை ஹாலுக்குத் தூக்கிவர இருவரும் உள்ளே போனார்கள்.

ஜெசிந்தா போகவில்லை. நான் எழுந்து அவளிடம் போனேன். நிஜமாவே கேக்கலம்மா, மாத்திச் சொல்லத்தான் பாத்தேன், எது எதுன்னு தெரியாம எப்படி மாத்துறது, என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முகத்தில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. சபைக்கு நடுவில் நாலு பேர் கைதட்டினால் தங்கையாவது தாயாவது என்று போகிற ஆம்பளைகளை நிறையப் பார்த்துவிட்டவள்போல, அவ்வளவு சலிப்பு. வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு தடவை தோற்க மனசு வராமல் மூன்றையும் ஜெயித்துவிட்டு, இப்போது அவளிடம் வந்து கதை சொல்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் நினைப்பேன். அந்த மூன்று விடைகளைத் தாண்டி அவளிடம் போய்ச்சேர எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. எதையோ மெல்லச் சொன்னாள். உதடு அசைந்தது. என்னம்மா, என்று காதைக் குனிந்து கொடுத்தேன்.

"சாப்பாடு எடுத்து வைக்கவா சார்னு கேட்டேன்," என்றாள்.